பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் போகும் நோயாளிக்கு: முதல் யோசனையிலிருந்து கடைசித் தழும்பு வரை முழுமையான வழிகாட்டி

தீக்காயம் ஆறிய பிறகு என் வலது கை விரல்கள் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டிக்கொண்டன. இரண்டு அறுவைகளில் அவற்றைப் பிரித்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டி நிமிர்த்தினார்கள். அதன் பிறகு, இதே சிகிச்சைக்கு வருகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதை ஒரு வேலையாகவே செய்துவருகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அறுவை நாளைப் பற்றி இரவெல்லாம் யோசிக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆறு வாரங்களையும் பிந்தைய ஒரு வருடத்தையும் யோசிப்பதில்லை. பலன் கெட்டுப்போவது அதிகமும் அந்த இரண்டு இடங்களில்தான்.

படிகளை வரிசை மாற்றாமல் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உடலுக்கான முடிவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் எதை எப்போது கேட்பது என்பதற்கே இந்த வழிகாட்டி.

தொடங்கும் முன் ஒரு சிறு தெளிவு. இங்கே 'பிளாஸ்டிக்' என்பது பொருளின் பெயர் இல்லை. உருவம் கொடுப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பெரும்பாலான அறுவைகளில் பயன்படுவது உங்கள் சொந்தத் தோல், கொழுப்பு, தசை, குருத்தெலும்புதான்.

1. குறை என்ன என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

மருத்துவரைத் தேடுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். "என் மூக்கு நன்றாக இல்லை" என்று எழுதினால் அதை வைத்து யாராலும் திட்டம் போட முடியாது. "பக்கவாட்டில் பார்த்தால் மூக்குத் தண்டில் ஒரு மேடு தெரிகிறது, இடது பக்கம் மூச்சு சரியாகப் போவதில்லை" என்று எழுதினால் முடியும். கத்தியால் மாற்றக்கூடியது அளவையும் அமைப்பையும்தான்.

எழுதும்போது செல்ஃபியைப் பார்த்து எழுதாதீர்கள். 2018இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, சுமார் 30 செ.மீ. தூரத்தில் எடுக்கும் படத்தில் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று வேறொருவர் எடுத்த படத்தைப் பாருங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்துபோன குறைகளும் உண்டு.

அடுத்து, இதை யார் கேட்கிறார்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். துணைவரோ பெற்றோரோ தள்ளிவிட்டு வந்தவர்கள், பலன் நன்றாக வந்தாலும் அதை ஏற்க முடியாமல் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். வலியும் தழும்பும் உங்களுக்குத்தான். விருப்பமும் உங்களுடையதாக இருக்கட்டும்.

மற்றவர் கண்ணுக்குப் படாத ஒரு குறையை நினைத்து நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேதனைப்படுகிறீர்களா? திரும்பத் திரும்பக் கண்ணாடி பார்க்கிறீர்களா? அல்லது கண்ணாடியையே தவிர்க்கிறீர்களா? அப்படியானால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். உடல் உருவ வெறுப்புக் கோளாறு என்ற ஒன்று உண்டு. நூற்றில் சுமார் இரண்டு பேருக்கு இருக்கிறது, அழகு சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் இன்னும் அதிகம். அவர்களுக்கு அறுவை நிம்மதி தருவது அரிது. கவலை மூக்கிலிருந்து தாடைக்கு இடம் மாறும், அவ்வளவுதான். மனநல சிகிச்சை இதற்கு நன்றாகவே உதவுகிறது.

2. உங்கள் தேவை எந்தப் பக்கம் என்று பிரியுங்கள்

பிறவியிலோ விபத்திலோ தீயிலோ புற்றுநோயிலோ கெட்டுப்போன உறுப்பை இயல்புக்கு அருகில் கொண்டுவருவது சீரமைப்பு. இயல்பாக இருக்கும் உறுப்பின் தோற்றத்தை மாற்றுவது அழகு சிகிச்சை. இரண்டையும் செய்வது ஒரே துறை, பல சமயம் ஒரே மருத்துவர்.

பிரிப்பதற்குக் காரணம் உண்டு. சீரமைப்பில் அறுவை செய்யாவிட்டாலும் இழப்பு இருக்கிறது. விரல் மடங்கியே இருக்கும், கண் மூடாது, புண் ஆறாது. அதனால் ஓரளவு ஆபத்தை ஏற்பதில் நியாயம் உண்டு. அழகு சிகிச்சையில் செய்யாவிட்டால் உடலுக்கு எதுவும் ஆகாது. ஆகவே சிறிய ஆபத்தையும் கூடுதல் எடையோடு நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டும் கலந்த இடங்களும் நிறைய. தொங்கும் மேல் இமை பார்வையை மறைக்கலாம். மிகக் கனமான மார்பகம் கழுத்து வலியையும் மடிப்பில் தோல் புண்ணையும் கொடுக்கலாம். இப்படிப்பட்ட நிலையில் பார்வைப் புலப் பரிசோதனை, பிசியோதெரபி குறிப்புகள், தேதியிட்ட படங்கள் ஆகியவற்றை ஆரம்பத்திலிருந்தே சேர்த்து வையுங்கள். மருத்துவக் காப்பீடு சீரமைப்பை ஏற்று அழகு சிகிச்சையை ஒதுக்குவது வழக்கம். செயல்பாட்டுக் குறை இருந்தது என்பதற்கான சான்றை அறுவைக்குப் பிறகு உருவாக்க முடியாது.

3. இப்போதா, பிறகா என்று முடிவு செய்யுங்கள்

காத்திருக்கவே கூடாத ஒரு நிலை உண்டு. விரலோ கையோ துண்டானால், துண்டை ஈரத் துணியில் சுற்றி, நீர் புகாத பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த நீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாகத் துண்டின் மேல் படக்கூடாது. பட்டால் திசு உறைந்து செத்துவிடும், மீண்டும் இணைக்க முடியாது. பதற்றத்தில் நிறையப் பேர் செய்யும் தவறு இதுதான். மிகச் சிறிய ரத்தக்குழாய்களை மைக்ராஸ்கோப் வைத்துத் தைக்கும் நுண்ணறுவை வசதி உள்ள இடத்துக்கு உடனே கொண்டுபோங்கள்.

தீக்காயத் தழும்பு இழுத்து இமை மூடாமல் போனால் அதுவும் அவசரமே. கருவிழி காய்ந்து பார்வை கெடும். முகத்தில் உள்ள சாதாரணத் தழும்பைத் திருத்துவதற்கோ ஒரு வருடம் பொறுப்பதுதான் சரி. தழும்பு முதிர 12 முதல் 18 மாதம் ஆகும். இன்று பயமுறுத்தும் சிவப்பும் மேடும் தாமாகவே பாதியாகக் குறையலாம்.

உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தையின் பெற்றோர், ஒரே அறுவையில் எல்லாம் முடியும் என்று நினைத்து வருகிறார்கள். வழக்கமான வரிசை வேறு. உதடு 3 முதல் 6 மாதத்தில், அண்ணம் 9 முதல் 18 மாதத்துக்குள், ஈறில் எலும்பு வைப்பது 7 முதல் 11 வயதுக்குள், மூக்கும் தாடையும் வளர்ச்சி நின்ற பிறகு. அண்ணத்தைப் பேச்சு வளரும் முன் மூடுவது, ஒலிகள் மூக்கு வழியாகக் கசியாமல் பழகுவதற்காக. நடுவில் பேச்சுப் பயிற்சி, காது, பல் பரிசோதனைகளும் உண்டு. இது ஒரு குழுவோடு பதினைந்து இருபது வருட உறவு. முதல் நாளே அப்படி எண்ணிக்கொண்டால் நடுவில் சோர்வு வராது.

மார்பகப் புற்றுநோய்க்குப் பின் மார்பகத்தை மீட்டமைப்பதை, அகற்றும் அன்றே செய்யலாம், மாதங்கள் கழித்தும் செய்யலாம். கதிர்வீச்சு தேவைப்படுமா என்பதுதான் இங்கே முதல் கேள்வி. கதிர்வீச்சு பட்ட இடத்தில் இம்பிளான்ட்டைச் (மார்பக வடிவத்துக்காக உள்ளே வைக்கும் செயற்கைப் பொருள்) சுற்றித் திசு இறுகும் வாய்ப்பு அதிகம். எனவே புற்றுநோய் அறுவைத் தேதி குறிக்கும் முன்பே பிளாஸ்டிக் சர்ஜனையும் பார்த்துவிடுங்கள். பார்க்காமல் விட்டால், பயன்பட்டிருக்கக்கூடிய தோல் வெட்டுப்பட்டுப் போகலாம்.

வயிற்றுத் தோலைக் குறைக்க வருகிறவர்கள் எடை ஆறு மாதமாவது நிலையாக இருந்த பிறகு வாருங்கள். இன்னும் குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதற்குப் பிறகு வாருங்கள்.

4. மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் வரிசை

முதலில் பட்டம். அழகுக்கலை மருத்துவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர் எல்லாரும் பிளாஸ்டிக் சர்ஜரியில் சிறப்புப் பயிற்சி முடித்தவர்கள் அல்லர். நாட்டின் மருத்துவப் பதிவேட்டில் அவருடைய சிறப்புத் தகுதியைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

இரண்டாவது, அதே அறுவையில் அவருக்குள்ள பழக்கம். "இதை மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? கடைசியாகச் சிக்கல் வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். எனக்குச் சிக்கலே வந்ததில்லை என்று சொல்பவரிடம் நான் போகமாட்டேன். போதுமான எண்ணிக்கையில் செய்தவருக்கு ரத்தக்கட்டும் சீழும் ஒருநாள் வந்தே தீரும்.

மூன்றாவது இடம். முழு மயக்கம் தரப்போகிறார்கள் என்றால் தனி மயக்க மருத்துவர் இருக்கிறாரா, நிலைமை மோசமானால் தீவிர சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலோர் கேட்க மறப்பது இது.

வேறு ஊருக்கோ நாட்டுக்கோ போய்ச் செய்துகொள்வதானால், சிக்கல்கள் வரும் வாரங்களில் யார் பார்ப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தையல் பிரிந்து சீழ் வைக்கும்போது, அறுவை செய்தவர் விமானத் தூரத்தில் இருந்தால் பயனில்லை.

5. முதல் சந்திப்பு

எழுதிய அந்த ஒற்றை வரி, தினமும் எடுக்கும் மருந்துகளின் பட்டியல், பழைய அறுவைகளின் குறிப்பு, ஒவ்வாமை விவரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுபோங்கள். மூலிகை மருந்தும் சத்து மாத்திரையும் மருந்துதான், அவற்றையும் எழுதுங்கள். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு தடித்து வளர்ந்திருந்தால் அதைக் கட்டாயம் காட்டுங்கள். நீங்கள் கீலாய்டு, அதாவது காயத்தின் எல்லை தாண்டிப் படரும் தடித்த தழும்பு, வளரும் தோல்காரர் என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். இது தெரிந்தால் திட்டமே மாறலாம்.

கேட்க வேண்டியதைச் சுருக்கிச் சொல்கிறேன். தழும்பு எங்கே, எவ்வளவு நீளத்தில் வரும்? எந்தச் சிக்கல் இதில் அடிக்கடி வருகிறது? அறுவை செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? இன்னும் எத்தனை கட்டம் பாக்கி இருக்கும்? எப்போது வேலைக்குத் திரும்பலாம்? திருத்தம் தேவைப்பட்டால் அது எப்படி நடக்கும்?

கூடவே ஒருவரை அழைத்துப் போங்கள். பதற்றத்தில் கேட்டவற்றில் பாதி வெளியே வந்ததும் மறந்துவிடும். அன்றே தேதி குறிக்கச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால், அழகு சிகிச்சையாக இருக்கும் பட்சத்தில் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு வாரம் தள்ளி யோசிப்பதால் எதுவும் கெடாது.

மற்றவர்களின் முன், பின் படங்களைப் பார்க்கும்போது ஒளியும் கோணமும் இரண்டிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பின் படம் எத்தனை மாதம் கழித்து எடுத்தது என்றும் கேளுங்கள். உங்களைப் போன்ற தோல், வயது, உடல்வாகு உள்ளவரின் படமே உங்களுக்குப் பயன்படும்.

6. எந்த முறை, ஏன் அந்த முறை

சீரமைப்புக்கு வருகிறவர்கள் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். இது புரிந்தால் பிந்தைய கட்டுப்பாடுகள் எல்லாம் தாமாகப் புரியும்.

ஒரு புண்ணை மூட மருத்துவர்கள் எளியதிலிருந்து கடினமானதை நோக்கி யோசிப்பார்கள். தானாக ஆற விடலாமா, இழுத்துத் தைக்கலாமா, தோல் ஒட்டலாமா, பக்கத்துத் திசுவைத் திருப்பி வைக்கலாமா, தூரத்துத் திசுவைக் கொண்டுவந்து ரத்தக்குழாயை இணைக்க வேண்டுமா என்பது அந்த வரிசை. எளியதையே எப்போதும் எடுப்பார்கள் என்று பொருள் இல்லை. மூட்டு அசைய வேண்டிய இடத்தில் முதலிலேயே கடினமான முறைக்குப் போவது சரியாக இருக்கலாம். "எனக்கு ஏன் சின்ன ஆபரேஷன் போதாது?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் விளக்குவார்.

தோல் ஒட்டு என்பது நாற்றைப் பிடுங்கி நடுவதைப் போன்றது. எடுத்த தோலுக்குச் சொந்தமாக ரத்தக்குழாய் இல்லை. முதல் ஒன்றிரண்டு நாள் அடியில் ஊறும் நீரை உறிஞ்சியே உயிரோடு இருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் அடிப்பகுதியின் நுண்குழாய்கள் ஒட்டோடு இணையத் தொடங்கும். அதற்குள் ஒட்டு நகர்ந்தாலோ, அடியில் ரத்தமோ நீரோ சேர்ந்து தூக்கினாலோ, கிருமி புகுந்தாலோ, நாற்று வாடிவிடும். "கையை அசைக்காதே, கட்டைப் பிரிக்காதே" என்று செவிலியர் சொல்வது இதற்காக. முதல் கட்டை ஏறக்குறைய ஐந்தாம் நாள்தான் பிரிப்பார்கள்.

எலும்பை மூடும் சவ்வு போய் வெற்று எலும்பு தெரிந்தால் அங்கே ஒட்டு பிடிக்காது. வேர் விட மண் இல்லை. அந்த இடத்துக்கு ஃபிளாப் வேண்டும்.

ஃபிளாப் என்பது செடியை வேரோடும் மண்ணோடும் பெயர்த்து வைப்பது. தோல், கொழுப்பு, தேவைப்பட்டால் தசையும் எலும்பும் தங்கள் ரத்தக்குழாயோடு வரும். பக்கத்திலிருந்து திருப்பி வைத்தால் பழைய குழாயே உணவு கொடுக்கும். தூரத்திலிருந்து எடுத்தால், மைக்ராஸ்கோப் வைத்து, முடியைவிட மெல்லிய நூலால் குழாய்களைத் தைப்பார்கள். பல மணி நேர வேலை. அந்தத் தையலில் ரத்தம் உறைந்தால் முழுத் திசுவும் போய்விடும். அதனால்தான் முதல் இரண்டு மூன்று நாள் அடிக்கடி வந்து நிறம் பார்ப்பார்கள்.

ஒட்டிலும் இரண்டு வகை. மெல்லிய ஒட்டு எளிதில் பிடிக்கும், பெரிய பரப்பை மூடும், ஆனால் பிறகு அதிகம் சுருங்கும். முழுத் தடிமன் ஒட்டு குறைவாகச் சுருங்கும், நிறமும் நன்றாக அமையும், ஆனால் சிறிய இடத்துக்கே எடுக்க முடியும். முகத்துக்கும் விரலுக்கும் இரண்டாவதை விரும்புவது அதனால்தான்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. மெல்லிய ஒட்டு எடுத்த இடம், ஒட்டு வைத்த இடத்தைவிட அதிகம் வலிக்கும். என் தொடை பத்து நாள் எரிந்தது, கையில் வலி குறைவே. தோலின் மேல் அடுக்கைச் சீவி எடுப்பதால் நரம்பு முனைகள் வெளியே நிற்கின்றன. ஏதோ கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள், வலி மருந்தைக் கேட்டு வாங்குங்கள். அந்த இடம் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் ஆறிவிடும்.

7. அழகு சிகிச்சையில் முன்பே தெரிந்திருக்க வேண்டியவை

லைப்போசக்ஷன் எடை குறைக்கும் வழி இல்லை. உணவாலும் நடையாலும் போகாத ஒரு இடத்துக் கொழுப்பை எடுப்பது அது. தளர்ந்த தோலை இறுக்காது. கொழுப்பை எடுத்ததும் தோல் மேலும் தொங்கலாம்.

எடுத்த கொழுப்பைப் பிட்டத்தில் ஏற்றுவதைப் பற்றி யாராவது கேட்டால் நான் தயங்காமல் எச்சரிக்கிறேன். 2017இல் வெளியான அறுவை மருத்துவர்களின் ஆய்வில், இதில் மூவாயிரம் பேருக்கு ஒருவர் இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். தசைக்குள் உள்ள பெரிய சிரைக்குள் கொழுப்பு புகுந்து நுரையீரலுக்குப் போவதே காரணம். அதன் பிறகு தசைக்குள் ஏற்றவே கூடாது, தோலடியில் மட்டுமே என்ற விதி வந்தது. அதைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

மார்பக இம்பிளான்ட் ஆயுளுக்கும் தாங்கும் பொருள் அல்ல, ஒருநாள் மாற்றவோ எடுக்கவோ நேரலாம். சிலிகான் வகைக்கு ஐந்தாறு வருடத்தில் ஒரு ஸ்கேனும், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்றும் பார்க்கச் சொல்கிறார்கள். சத்தமின்றிக் கிழிந்திருந்தால் வெளியே தெரியாது. சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள வகையோடு அரிதான ஒரு நிணநீர்ப் புற்று தொடர்புடையது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தனி நோயாக ஏற்றது. பல வருடம் கழித்து ஒரு பக்கம் திடீரென வீங்கினால் உடனே காட்டுங்கள்.

முகத்தின் பள்ளங்களை நிரப்ப ஊசியால் ஏற்றும் ஃபில்லரை, ஊசி தானே என்று எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். அது ரத்தக்குழாயை அடைத்தால் தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். ஹயலுரோனிக் வகைக்கு அதைக் கரைக்கும் மருந்து உண்டு. அது அதே அறையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். தசையைத் தளர்த்திச் சுருக்கத்தைக் குறைக்கும் போடாக்ஸ் ஊசி சில நாளில் வேலை செய்யத் தொடங்கும், மூன்று நான்கு மாதத்தில் அதன் பலன் போய்விடும்.

முடி நடவு செய்தவர்கள் முதல் மாதத்தில் நட்ட முடி உதிர்வதைப் பார்த்துக் கலங்குகிறார்கள். வேர் உள்ளே இருக்கிறது. பலனை ஒன்பது மாதத்துக்கு முன் எடைபோடாதீர்கள். மூக்கின் வீக்கம் முழுக்க வடிய ஒரு வருடம் ஆகும், நுனி கடைசியில்தான் வடியும்.

8. உடலைத் தயார் செய்யுங்கள்

புகையை அறுவைக்கு நான்கு வாரம் முன்பே நிறுத்துங்கள், பின்பும் நான்கு வாரம் தொடாதீர்கள். நிகோட்டின் தோலின் சின்னக் குழாய்களைச் சுருக்கும். ஒட்டும் ஃபிளாப்பும் பிழைப்பது அந்தக் குழாய்களை நம்பித்தான். வாயில் அடக்கும் புகையிலையிலும் மின்சிகரெட்டிலும் நிகோட்டின் இருக்கிறது. நிகோட்டின் சூயிங்கம் பயன்படுத்தினால் அதையும் சொல்லுங்கள். இதில் பொய் சொன்னவர்களின் தோல் கறுத்துப்போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மருத்துவர் திட்டுவார் என்று பயந்து மறைக்காதீர்கள். தேதியைத் தள்ளிப் போடுவார், அவ்வளவுதான்.

சர்க்கரை நோய் இருந்தால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைச் சில வாரம் முன்பே பாருங்கள். முந்தைய நாள் மட்டும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வருவதில் பயனில்லை. ரத்தசோகை இருந்தால் அதைச் சரிசெய்யவும் வாரங்கள் தேவை.

ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளைச் சொல்லாமல் தொடர்வது ஒரு தவறு, நீங்களாகவே நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு. இதயத்தில் ஸ்டென்ட் இருப்பவர் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பிளாஸ்டிக் சர்ஜனும் இதய மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். மீன் எண்ணெய், வைட்டமின் இ மாத்திரைகளும் ரத்தக்கசிவைக் கூட்டலாம். கருத்தடை மாத்திரை கால் சிரையில் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். எடை குறைக்கும் வார ஊசி போடுபவர்கள் மயக்க மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இரைப்பை மெதுவாகக் காலியாவதால், பட்டினி இருந்தும் உள்ளே உணவு இருக்கலாம்.

9. வீட்டைத் தயார் செய்யுங்கள்

எந்தக் கையில், எந்தப் பக்கத்தில் அறுவையோ, அந்தப் பக்கத்தைக் கட்டிவைத்தது போல ஒருநாள் வாழ்ந்து பாருங்கள். பல் தேய்ப்பது, உடை மாற்றுவது, கழிவறை என்று ஒவ்வொன்றிலும் தடை தெரியும். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை, சாய்ந்து படுக்கத் தலையணைகள், கைக்கெட்டும் உயரத்தில் பாத்திரங்கள் வேண்டும். முதல் வாரம் கூட இருக்க ஒருவர் வேண்டும். குழந்தையைத் தூக்கக் கூடாது என்று சொல்வார்கள், அந்த வேலை யாருக்கு என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

10. அறுவை நாள்

திட உணவை ஆறு மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், எண்ணெய் மிகுந்த உணவென்றால் இன்னும் முன்பே. வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை. பால் கலந்த எதுவும் திட உணவுக் கணக்கில்தான் சேரும். "ஒரு வாய் டீதான்" என்று குடித்து அறுவை ரத்தானவர்கள் இருக்கிறார்கள். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகும் என்பதே காரணம். உங்கள் மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

நகப்பூச்சையும் முகப்பூச்சையும் அகற்றிவிடுங்கள். அறுவைப் பக்கத்தில் மருத்துவர் பேனாவால் குறியிடுவதை விழித்திருக்கும்போதே பாருங்கள். நின்றபடியோ உட்கார்ந்தபடியோ குறிப்பது வழக்கம். படுத்தால் திசு நகர்ந்துவிடும்.

11. முதல் மூன்று நாள்

வீக்கமும் நீலமும் இரண்டு மூன்று நாள் கூடித்தான் பிறகு குறையும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் வேகமாக வீங்கி, இறுகி, வலி மருந்துக்கும் அடங்காவிட்டால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம். காலைவரை பொறுக்க வேண்டாம். இமை அறுவைக்குப் பின் கடும் வலியோடு பார்வை மங்கினால் நிமிடங்கள்கூட முக்கியம்.

ஃபிளாப் வைத்தவர்கள் நிறத்தைப் பாருங்கள். வெளிறிக் குளிர்ந்தால் ரத்தம் உள்ளே வரவில்லை. நீலம் பாரித்து வீங்கினால் வெளியே போகவில்லை. இரண்டிலும் உடனே அழைத்தால் மீண்டும் அறுவை அறைக்குப் போய்க் காப்பாற்ற வாய்ப்புண்டு.

எழுந்து நடக்கச் சொன்னால் நடங்கள், வலித்தாலும். ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ நேராக அவசரப் பிரிவு. இந்த ஆபத்து வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரம் இருக்கும்.

உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் டிரெயின் குழாய் வைத்திருந்தால் ஒரு நாளில் எவ்வளவு வடிந்தது என்று அளந்து எழுதுங்கள். எப்போது எடுப்பது என்பதை அந்த எண்தான் முடிவு செய்யும். முன்கூட்டி எடுத்தால் உள்ளே நீர் தேங்கும்.

12. கட்டும் தையலும்

முகத்துத் தையல் ஐந்து முதல் ஏழு நாளில், உடம்புத் தையல் பத்து முதல் பதினான்கு நாளில் எடுப்பார்கள். முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம், சீக்கிரம் கூடும். தாமதித்தால் ஏணிப்படி போலத் தையல் அடையாளம் நிற்கும்.

புண்ணில் மஞ்சள், சாம்பல், எண்ணெய், பற்பசை எதையும் வைக்காதீர்கள். நான்காம் ஐந்தாம் நாளில் சிவப்பு பரவி, சூடாகி, காய்ச்சல் வந்தால் கிருமி புகுந்திருக்கலாம்.

மரத்துப்போன தோலை மறக்காதீர்கள். ஒட்டு வைத்த இடத்திலும் ஃபிளாப்பிலும் வயிற்று அறுவைக்குப் பின் தொப்புளுக்குக் கீழும் பல மாதம் உணர்ச்சி இருக்காது. வெந்நீர்ப் பையை வைத்துப் புதிதாகச் சுட்டுக்கொண்டவர்களுக்குக் கட்டு மாற்ற நானே உதவியிருக்கிறேன். சூட்டை வேறு இடத்துத் தோலில் தொட்டுப் பார்த்த பிறகே அங்கே வையுங்கள்.

இரண்டாம் வாரத்தில் அழுகை வரும். முகம் வீங்கியிருக்கும், தூக்கம் சரியில்லை, செய்திருக்கவே கூடாதோ என்று தோன்றும். பலருக்கு வருகிறது, சில வாரத்தில் தணிகிறது. தணியாவிட்டால் உதவி கேளுங்கள். தீக்காயத்தாலும் புற்றுநோயாலும் முகமோ மார்பகமோ இழந்தவர்கள் இதை ஆரம்பத்திலேயே கேட்க வேண்டும்.

13. பிசியோதெரபியும் தழும்புப் பராமரிப்பும்

எனக்கு மிகவும் கவலை தருவது இந்தப் படிதான். புண் ஆறியதும் சிகிச்சை முடிந்ததென்று போய்விடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அதே விரல் மீண்டும் மடங்கி வருகிறது.

தழும்பு மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். நாம் தூங்கும்போதும் அது சுருங்குகிறது. அதை எதிர்த்து இழுத்துப் பிடிக்கும் தாங்குபட்டைதான் ஸ்பிளின்ட். என் முதல் அறுவைக்குப் பிறகு இரவில் உறுத்துகிறதென்று அதைக் கழற்றி வைத்தேன். இரண்டாவது அறுவை தேவைப்பட்டதற்கு அதுவே பெரிய காரணம். உறுத்தினால் கழற்றாதீர்கள், சரிசெய்து தரச் சொல்லுங்கள். வளரும் குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம், எலும்பு நீளும் வேகத்துக்குத் தழும்பு நீளாது.

தீக்காயத் தழும்புக்கு அழுத்த உடையை நாளில் 23 மணி நேரம் அணியச் சொல்வார்கள். குளிக்கவும் எண்ணெய் தடவவும் மட்டுமே அந்த ஒரு மணி நேரம். சிலிகான் ஜெல்லோ தாளோ, புண் முழுக்க மூடிய பிறகு தொடங்கி, குறைந்தது மூன்று மாதம். வெயிலில் போகும்போது துணியால் மறையுங்கள் அல்லது எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத வெயில் தடுப்புக் கிரீம் தடவுங்கள். புதுத் தழும்பில் வெயில் பட்டால் கருமை நிலைத்துவிடும்.

வெட்டிய எல்லைக்குள்ளேயே தடித்திருப்பது ஒரு வகை, அது காலப்போக்கில் தணியக்கூடியது. எல்லை தாண்டிப் பக்கத்துத் தோலுக்கும் படர்ந்தால் கீலாய்டு. நடுமார்பு, தோள், காதுமடல் ஆகியவை அதற்கு விருப்பமான இடங்கள். கீலாய்டை வெறுமனே வெட்டி எடுத்தால் முன்பைவிடப் பெரிதாகத் திரும்ப வரலாம். ஸ்டீராய்டு ஊசி போன்றவற்றைச் சேர்த்தே செய்ய வேண்டும். அரிப்பும் பரவலும் தொடங்கும்போதே காட்டினால் ஊசியிலேயே அடக்க வாய்ப்பு அதிகம்.

14. பலனை எடைபோடுவதும் திருத்தமும்

மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே ஒளியில், ஒரே தூரத்தில் படம் எடுங்கள். தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு முன்னேற்றம் தெரியாது, படங்களை வரிசையாக வைத்தால் தெரியும்.

குறை தெரிந்தால் அறுவை செய்தவரிடமே முதலில் போங்கள். உள்ளே எதை எங்கே வைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். மனம் ஒப்பவில்லை என்றால் இரண்டாவது கருத்தைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. திருத்த அறுவையை ஆறு மாதத்துக்கு முன் கேட்காதீர்கள், மூக்கென்றால் ஒரு வருடம். வீங்கிய, இறுகிய திசுவில் மறுபடி கைவைத்தால் அளவு தப்பும். செயல்பாடு கெடும்போது மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது.

அறுவைக் குறிப்பின் நகல், திசுப் பரிசோதனை அறிக்கை, இம்பிளான்ட் வைத்திருந்தால் அதன் வகையும் வரிசை எண்ணும் உள்ள அட்டை ஆகிய மூன்றையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பத்து வருடம் கழித்து வேறு மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி "உள்ளே என்ன வைத்திருக்கிறது?" என்பதாகத்தான் இருக்கும்.